கடை, குடை, கோடை, காடை

என் அப்பா முதன்முதலாகத் தமிழ்நாட்டைப் பார்த்தது தன் கல்யாணத்துக்குப் போனபோதுதான். அவருடைய பாட்டனார் கைதிக் கப்பலில் அந்தமானுக்கு வந்து இறங்கியவர். எந்த ஊரில் என்ன செய்துவிட்டு வந்தார் என்பதை எங்கள் தீவில் யாரும் யாரையும் கேட்பதில்லை. திருநெல்வேலிப் பக்கம் என்ற ஒரே ஒரு தகவல் மட்டும் வீட்டில் மிஞ்சியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தேடியதில் தென்காசிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் அம்மா கிடைத்தாள்.

அப்பா ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து கிளம்பும் ஃபெர்ரியில் எஞ்சின் டிரைவர். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிக் குரல் எப்போதும் இரண்டு மடங்காகத்தான் வரும். சிரிப்பு மூன்று மடங்கு. அவருடைய தமிழ் எப்படிப்பட்டது என்பது கல்யாணப் பந்தியில் தெரிந்துபோயிற்று.

பாயசம் மறுபடி மறுபடி வந்தபோது அவர் இலைமேல் கையை விரித்து, "காஃபி! காஃபி!" என்று சொல்லியிருக்கிறார். எங்கள் தீவு இந்தியில் அதற்குப் போதும் என்று பொருள்.

பரிமாறியவர் திரும்பிப் பார்த்து உரக்கச் சொன்னார்: "ஏய், மாப்பிள்ளைக்குக் காப்பி வேணுமாம்!"

நுரை பொங்கக் காப்பி வந்தது. குடித்தார். இன்னொன்று வந்தது. அப்பா பதறிப்போய், "பஸ்! பஸ்!" என்றார். அதற்கும் போதும் என்றுதான் பொருள்.

"பஸ்ஸா? தாலி கட்டி இன்னும் மாலை வாடல. அதுக்குள்ள ஊருக்குக் கெளம்புதாரா?" என்று அம்மாவின் அண்ணன், அதாவது எங்கள் மாமா, பஸ் எப்போது என்று விசாரித்து வர ஆள் அனுப்பிவிட்டார். போன ஆள் திரும்பி வந்தபோது அப்பா மூன்றாவது காப்பியில் இருந்தாராம்.

அன்றிலிருந்து அம்மா வீட்டில் அவர் பெயர் காப்பி மாப்பிள்ளை. அந்தப் பெயரை வைத்ததும் மாமாதான், விடாமல் காப்பாற்றி வந்ததும் மாமாதான். தென்காசியிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்தின் கடைசி வரியும் "காப்பி மாப்பிள்ளை சௌக்கியமா?" என்றுதான் இருக்கும். அம்மா அந்த வரியை மட்டும் மனதுக்குள் வாசிப்பாள். அப்பா, "அரே, கடைசி லைனயும் படி. எனக்கு மாலும், அதுல என்ன இருக்குன்னு," என்பார்.

அப்பாவின் மீது இவ்வளவு பழி சொல்கிறேனே தவிர, எனக்கும் தம்பிக்கும் தமிழ் அதைவிட மோசம். ஜங்லிகாட்டில் நாங்கள் இருந்த வீட்டு வரிசையில் ஒரு பக்கம் வங்காளிக் குடும்பம், மறுபக்கம் தெலுங்குக் குடும்பம், எதிரே மலையாளி. எல்லோருக்கும் பொது இந்தி. பள்ளியிலும் இந்தி. அம்மா தமிழில் திட்டுவாள், நாங்கள் இந்தியில் அழுவோம். "கொல்லைக் கதவச் சாத்துட்டி" என்று அம்மா சொல்ல, நான் யாரைக் கொல்லச் சொல்கிறாள் என்று திகைத்து நின்றது உண்டு.

அறுபதுகளின் நடுவில், எனக்குப் பத்துப் பதினோரு வயது இருக்கும்போது, அப்பா ஒரு நாள் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலுக்கு எஞ்சின் வேலையாகப் போயிருந்தாராம். அங்கே அதிகாரிகள் சாப்பிடும் அறையில் இரண்டு பேர் சின்னச் சின்ன எழுத்துக் கட்டைகளை ஒரு பலகையில் வரிசையாக வைத்து இங்கிலீஷ் சொற்களைக் கட்டி விளையாடிக்கொண்டிருந்தார்களாம்.

"நாம இத தமிழ்ல பண்ணுவோம்," என்றார் அப்பா. "பசங்களுக்குத் தமிழ் வரும். எனக்கும் வரும். அப்புறம் உங்கண்ணன் எழுதட்டும், கடைசி லைன்!"

மறுநாளே சாத்தம் மரமில்லில் வேலை செய்த ஒரு நண்பரிடம் சொல்லி, கழித்துப் போட்ட படாக் மரத் துண்டுகளை ஒரு சாக்கில் வாங்கி வந்தார். படாக் எங்கள் தீவுக் காட்டு மரம். அறுத்தால் உள்ளே ரத்தச் சிவப்பு. வாசலில் உட்கார்ந்து ரம்பத்தை எடுத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டார். "சலோ, சொல்லு. மொத்தம் எவ்வளவு எழுத்து?"

"இங்கிலீஷ்ல எத்தனைன்னு தெரியும்லா?"

"இருபத்தாறு. தமிழ்ல முப்பது வருமா?"

"எரநூத்தி நாப்பத்தேழு."

அப்பா ரம்பத்தைக் கீழே வைத்தார். அம்மா முகத்தையே பார்த்தார். அவள் விளையாடவில்லை என்று தெரிந்தது. "அரே பாப் ரே! இவ்வளவு எழுத்த வெச்சுக்கிட்டு நீங்க எல்லாரும் மெயின்லேண்டுல என்னதான் பண்றீங்க?"

அம்மா வாசல் மண்ணிலேயே குச்சியால் எழுதிக் காட்டினாள். இது க. இதற்குக் கால் போட்டால் கா. கொம்பு போட்டால் கெ. மேலே சுழித்தால் கி. அப்பா வெகு நேரம் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லாக் காலையும் கொம்பையும் காலால் அழித்துவிட்டு, நடுவிலிருந்த க-வை மட்டும் விட்டுவைத்தார்.

"கட்டையில இது போதும். காலு, கொம்பு எல்லாம் அவங்கவங்க வாயால வெச்சுக்கட்டும்."

அம்மாவுக்கு அது தமிழுக்குச் செய்யும் துரோகமாகப் பட்டது. ஆனால் இருநூற்று நாற்பத்தேழு கட்டை அறுக்க வீட்டில் ஆள் இல்லை. அரைமனதாக ஒப்புக்கொண்டாள். அப்பா கட்டைகளை அறுத்து உப்புத்தாளால் தேய்த்துக் கொடுக்க, அம்மா கப்பலுக்கு அடிக்கும் வெள்ளைப் பெயிண்டில் எழுதினாள். அ, இ, உ, எ, ஒ என்று சில உயிரெழுத்துகள். மற்றபடி க, ச, ட, த, ப, ம என்று வெறும் தலைகள், ஒவ்வொன்றிலும் நாலைந்து. புள்ளி வைப்பதும் வாயின் பொறுப்பு. எங்கள் கேரம் பலகையைக் குப்புறத் திருப்பி, அதன் முதுகில் கட்டம் போட்டோம்.

அப்போதும் எங்களில் யாருக்கும் நாங்கள் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று தெரியாது. முதல் ஆட்டத்தில்தான் தெரிந்தது. அப்பா இரண்டு கட்டைகளைப் பலகையில் வைத்தார். க, ட.

"கடை," என்றார் பெருமையாக.

"குடை," என்றாள் அம்மா, வெற்றிலையை மடித்துக்கொண்டே, ஏதோ நினைவில்.

அப்பா திரும்பினார். "என்ன சொன்ன?"

"கட்டைல அப்படியும் இருக்குல்லா. குடை."

அப்பா கட்டைகளை உற்றுப் பார்த்தார். பிறகு தம்பி, "காடு!" என்று கத்தினான். நான் "கூடு!" என்றேன். அப்பா எழுந்து நின்றுவிட்டார். "கோடு! கொடி! கூடை! அரே, இது என்ன, ரெண்டு கட்டைக்குள்ள ஊரே உக்காந்திருக்கு!" அம்மா வெற்றிலையைத் தட்டில் போட்டுவிட்டுச் சம்மணம் கட்டினாள். "கோடை. கொடை. கேடு. காடை. கிடா. கிடை. கோடி." அவள் சொல்லச் சொல்ல நாங்கள் மூன்று பேரும் ஓவென்று கத்தினோம்.

அந்தச் சத்தத்தில்தான் எங்கள் சட்டம் பிறந்தது. வரிசையை வைத்தவருக்கு ஒரு சோழி. அதையே வேறு விதமாக வாசிப்பவருக்கும் ஒரு சோழி. யாராலும் மேற்கொண்டு வாசிக்க முடியவில்லை என்றால் அந்த வரிசை செத்தது, அடுத்த கட்டை வைக்கலாம். கடைசியில் குறைவாகச் சோழி வைத்திருப்பவர் எல்லோருக்கும் டீ போட வேண்டும்.

பொருள் சொல்லாத சொல்லுக்குச் சோழி கிடையாது என்று அம்மா ஒரு சட்டம் சேர்த்தாள். அதில் மாட்டிக்கொண்டதும் அவளே. காடை என்றால் பறவை என்றாள். எவ்வளவு பெரிசு, தின்னலாமா என்று அப்பா கேட்டார். கோடை என்றால் வெயில் காலம் என்றாள். வருஷத்தில் பாதிக்கு மேல் மழை பெய்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, மழையே இல்லாமல் மண் வெடித்துக் கிடக்கும் என்றால் நாங்கள் எப்படி நம்புவோம்? "அப்ப கிணறு?" என்றான் தம்பி. "வத்தீரும்." "அப்ப மீனு?" அம்மா அடுத்த கட்டையைத் தேட ஆரம்பித்தாள்.

கிடைக்குத்தான் பெரும்பாடு. ஆடுகளை ராத்திரி வயலில் மடக்கி வைப்பது என்று அவள் எவ்வளவு சொல்லியும் அப்பாவுக்கு ஏறவில்லை. "வயல்ல ஏன்? ஆட்டுக்குக் கொட்டாய் இல்லயா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அம்மா என்னையும் தம்பியையும் அப்பாவையும் கைகால் ஊன்றி ஆடாக நிற்கச் சொன்னாள். தலையணைகளைச் சுற்றி வைத்து வேலி கட்டினாள். தான் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு "ஹேய், ஹேய்" என்று மடக்கினாள். அப்பா மே என்று கத்தினார் பாருங்கள், எஞ்சின் ரூம் குரலில், கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு வங்காளி மாசி கரண்டியோடு ஓடி வந்தாள். அம்மா கையில் கம்பு. அப்பா நாலு காலில். நாங்கள் இரண்டு பேரும் மூலையில்.

"க்யா ஹுவா?" என்ன ஆயிற்று என்று கேட்டாள் மாசி.

"தமிழ் சீக் ரஹா ஹூம்," என்றார் அப்பா, நாலு காலில் இருந்தபடியே. தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று.

மாசி கரண்டியைத் தாழ்த்தினாள். தமிழ் இவ்வளவு கஷ்டமான மொழி என்று அவள் அன்றுவரை நினைத்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

சில வரிசைகளை மட்டும் அம்மா வைத்த வேகத்தில் கலைத்துவிடுவாள். "இதுல ஒண்ணும் வராது, வேற போடு," என்பாள், காது சிவக்க. அவற்றில் என்னென்ன வரும் என்று எனக்கு வெகு காலம் கழித்துத்தான் புரிந்தது.

அப்பாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஃபெர்ரியில் எஞ்சின் மூடியின் மேல் சாக்பீஸால் இரண்டு எழுத்தை எழுதி வைப்பார். தமிழ்ப் பயணி யாராவது ஏறினால் விடமாட்டார். "ப, ல. சொல்லுங்க, சொல்லுங்க, அக்கரை பாம்பூ ஃப்ளாட் வர்றதுக்குள்ள சொல்லுங்க." காய்கறி மூட்டையோடு வந்த கிழவர் "பாலை" என்பார். பள்ளிக்குப் போகிற பெண் "புலி" என்பாள். படகைச் செலுத்துகிற மலையாளி ஸ்ராங்கு மேலிருந்து தன் பங்குக்கு ஒன்று சொல்வார். அது இரண்டு மொழியிலும் செல்லும். சாயங்காலம் அப்பா ஜெட்டியிலிருந்து ஜங்லிகாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டே நடந்து வருவார். வழியில் யாராவது நலம் விசாரித்தால் சொல் மறந்துவிடும் என்று வாயைத் திறக்காமல் கையை மட்டும் ஆட்டுவார். எஞ்சின் டிரைவருக்கு பக்தி முற்றிவிட்டது, மந்திரம் ஜபிக்கிறார் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள்.

வாசல்படி ஏறியதும் மூச்சு விடாமல் கொட்டுவார்: "பாலை, பலா, புலி, பலி, போலி! எழுதிக்க, எல்லாம் என்னோடது!"

இப்படி ஒரு வருஷம் போயிருக்கும். மாமா எங்களைப் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. மாமாவும் அத்தையும் மெட்ராஸில் கப்பல் ஏறுகிறார்கள் என்றதும் அப்பா புத்தம்புதிதாக ஒரு சாக்கு படாக் துண்டு வாங்கி, தேய்ந்துபோன கட்டைகளை எல்லாம் மாற்றினார். மாடு முட்டுவதற்கு முன் கொம்பு சீவுவது போல இருந்தது.

மாமாவுக்குத் தென்காசியில் ஜவுளிக்கடை. நாள் முழுக்க வாயால் பிழைக்கிறவர். வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் கப்பலிலிருந்து இறங்கி, ஜெட்டியில் கால் வைத்த உடனே கேட்டார்: "என்ன மாப்ளே, காப்பி எல்லாம் போதும் போதும்னு கெடைக்கா?"

அப்பா சிரித்தார். ஆனால் காதுமடல் படாக் நிறத்துக்கு வந்துவிட்டது.

பின்னால் இரண்டு பேர் தாங்கி அத்தையை இறக்கினார்கள். கப்பல் கிளம்பிய மறுநாள் தொடங்கிய வாந்தி. முகம் வாழைக்குருத்துப் போல வெளுத்திருந்தது. கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் உள்ளறையில் படுத்தவள்தான். "தரை இன்னும் ஆடுது" என்று அம்மாவிடம் சொன்னதைத் தவிர அவள் குரலையே நாங்கள் கேட்கவில்லை. அவள் எப்போதுமே அப்படித்தான் என்றாள் அம்மா. மாமா இருக்கும் இடத்தில் இன்னொருவர் பேசுவதற்கு இடம் மிச்சம் இருப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல மழை. சாப்பிட்டு எழுந்ததும் அப்பா கேரம் பலகையைக் கொண்டுவந்து மாமா முன்னால் குப்புற வைத்தார். சட்டங்களைச் சொன்னார்.

"இவ்வளவுதானா?" என்றார் மாமா. "மாப்ளே, இது சின்னப் புள்ளைக வெளையாட்டு. எனக்கு வேண்டாம். நீங்க அழுதுருவீய."

"உக்காருங்க மச்சான்," என்றார் அப்பா.

முதல் இரண்டு வரிசைகளில் மாமா சோழியை அள்ளினார். மூன்றாவதில் அப்பா வைத்தார்: ப, ட.

"படி," என்றார் அப்பா.

"பிடி," என்றார் மாமா.

"படை."

"பாடு."

"பொடி."

"போடு." மாமா பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார். "அவ்வளவுதான் மாப்ளே. முடிஞ்சு போச்சு. அடுத்த கட்டைய வைங்க."

அப்பா மாமாவின் கையைப் பார்த்தார். அப்பாவின் முகம் மெல்ல மெல்ல மலர்வதை நானும் தம்பியும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பீடி!" என்று கத்தினார் அப்பா.

"செல்லாது! அது தமிழ் இல்ல. இந்தி. உங்க ஊரு சரக்கு."

"எங்க ஊருதா? உங்க ஜில்லாவுல வீட்டுக்கு வீடு சுத்துறாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

"சுத்துனா தமிழாயிருமா? சொல்லு எங்கேருந்து வந்துச்சுன்னு பாக்கணும். செல்லாது!"

அப்போது உள்ளறையிலிருந்து, படுத்த இடத்திலிருந்து, ஒரு குரல் வந்தது.

"ஏங்க. ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு இழுக்கும்போது தமிழாத்தான இருந்துச்சு?"

மாமா வாயிலிருந்த பீடி அப்படியே நின்றது. அப்பா தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பீடி செல்லும்," என்று தீர்ப்புச் சொன்னாள்.

"இன்னும் இருக்கு," என்றது உள்ளறை. "பாடை."

"ஏய், வீட்டுக்குள்ள வெளக்கு வைக்கிற நேரத்துல," என்றார் மாமா. அப்போது மணி மூன்றுகூட ஆகியிருக்காது.

"பொருள் சொல்லணும்லா? பாடைன்னா உங்க சித்தப்பா ஏறிப் போனது. பீடை, உங்க தங்கச்சி இல்ல, தங்கமானவ, உங்க அக்கா. பேடை, பொம்பளப் புறா. பாடை சொல்லியாச்சா? புடை. மொறத்துல அரிசி புடைக்கது. நீங்க ஒரு நாளாவது புடைச்சிருக்கியளா?"

சோழியை யார் பக்கம் வைப்பது என்று தெரியாமல் தம்பி உள்ளறை வாசலில் கொண்டுபோய்க் குவித்தான்.

"அண்ணாச்சி," என்று அத்தை அப்பாவைக் கூப்பிட்டாள். "அந்தப் பக்கத்துல இன்னொரு ட வையுங்க."

அப்பா வைத்தார். ப, ட, ட.

மழைநீர்க் குழாய் உடைந்தது போல இருந்தது அதற்குப் பிறகு. பட்டு, பாட்டு, பாட்டி, பெட்டி, போட்டி என்று அத்தை உள்ளிருந்து வீச, பட்டை, பூட்டு என்று மாமா திணறித் திணறி இரண்டைப் பிடிக்க, நடுவில் அம்மா புட்டு என்று ஒன்றைத் தட்டிக்கொண்டாள். நான் பொட்டு என்றேன். அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு யோசித்தார். பிறகு கையைத் தூக்கினார்.

"பேட்டா!"

"இந்தி!" என்று மாமா குதித்தார். "பேட்டான்னா மகன். எனக்கே தெரியும். இந்தத் தடவ விடமாட்டேன்!"

"மகன் இல்ல மச்சான். தூரத் தீவுக்குப் படகு கொண்டு போனா சர்க்கார் கையில காசு கொடுக்குமே, அந்தப் பேட்டா. உங்க ஊரு லாரிக்காரரும் வாங்குறாரு. கேளுங்க."

"ஆமா," என்றது உள்ளறை. "நம்ம கடைக்குச் சரக்கு கொண்டு வர்றவரு கேட்டு வாங்கலியா?"

"நீ யாரு கட்சி?" என்றார் மாமா.

"நான் தனிக் கட்சி," என்று சொல்லிக்கொண்டே அத்தை வெளியே வந்தாள். தலைமுடி அவிழ்ந்து தொங்கியது. ஒரு கையில் எலுமிச்சம்பழம், மறு கையால் நிலைப்படியைப் பிடித்திருந்தாள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்திருந்தது. "பேட்டை, பேட்டி, பட்டி, புட்டி," என்று நின்றபடியே சொல்லிவிட்டுப் பலகைக்குப் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தாள். "ஏட்டி, எனக்குப் பசிக்கி. சோறு இருக்கா?" என்று அம்மாவிடம் கேட்டாள். ஜெட்டியில் இறங்கிய பிறகு அவள் கேட்ட முதல் சோறு அது.

அம்மா சோறு பிசைந்து கொண்டுவந்தாள். அத்தை ஒரு கவளம் உண்பாள், ஒரு சொல் சொல்வாள். மாமா அவளைப் புதிதாகப் பார்ப்பவரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனையும் எங்கேருந்துட்டி வருது?"

"வாயத் தொறக்காம இருந்தா உள்ளேயே சேந்துகிட்டு இருக்கும்லா," என்றாள் அத்தை. "இருவது வருசத்துச் சொல்லு. இப்பத்தான் இடம் கெடைச்சுது."

மாமாவுக்கு முதலில் முகம் சுருங்கியது. அப்புறம் உதடு துடித்தது. அப்புறம் அவரால் முடியவில்லை. தோள் குலுங்கச் சிரித்து, பீடிப் புகை மூக்கில் ஏறி, இருமி, கண்ணீர் விட்டு, பலகையின் மேலேயே சாய்ந்துவிட்டார். கட்டைகள் சிதறின. அதைப் பார்த்து அப்பா சிரிக்க, அப்பாவைப் பார்த்து அத்தை சிரிக்க, சோறு புரையேறி, அவள் தலையில் அம்மா தட்ட, நானும் தம்பியும் என்னவென்றே தெரியாமல் தரையில் உருண்டோம். பக்கத்து வீட்டு மாசி இந்தத் தடவை வரவில்லை. தமிழ் நடக்கிறது என்று விட்டுவிட்டாள்.

சோழிகளை எண்ணியபோது அத்தைதான் முதல். அப்பா இரண்டாவது. மாமா கடைசி. தம்பியைவிடவும் கடைசி.

"டீ," என்று ஐந்து பேரும் ஒரே குரலில் சொன்னோம்.

மாமா வாழ்நாளில் அடுப்பங்கரைக்குள் போனதில்லை. ஸ்டவ்வை எப்படி பம்ப் அடிப்பது என்று அப்பாதான் கூடப் போய்ச் சொல்லிக் கொடுத்தார். உள்ளே இரண்டு பேரும் என்னவோ பேசிக்கொண்டார்கள். மாமா பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, "மாப்ளே, நல்லாத்தான் கத்துக்கிட்டிய. என் கடையில நாலு ஆளு தமிழ்ல யாவாரம் பண்ணுதானுவ, ரெண்டு கட்டைல இத்தன சொல்லு எவனுக்கும் வராது," என்றது மட்டும் எங்கள் காதில் விழுந்தது. அப்பா அதற்கு என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அவர் மெதுவாகப் பேசினால் அது பெரிய விஷயம். டீ கருநிறமாக வந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தோம்.

அடுத்த கப்பல் வரும்வரை அவர்கள் எங்கள் வீட்டில் இருந்தார்கள். அந்த நாட்களில் யார் சமைத்தார்கள் என்றால் முந்தின ஆட்டத்தில் தோற்றவர்கள் சமைத்தார்கள். அத்தை பலகையை விட்டு எழுந்திருக்கவில்லை. அவளுக்கு எதிரே உட்கார முறை போட்டுக்கொண்டோம். அப்பா அவளை ஒரு நாள் ஃபெர்ரியில் ஏற்றிக்கொண்டு போனார், வாந்தியே வரவில்லை. எஞ்சின் மூடியில் எழுதியிருந்த இரண்டு எழுத்தை வைத்துப் போக வர ஸ்ராங்கைத் தோற்கடித்துவிட்டு வந்தாள். மாமா அவள் பின்னாலேயே குடையைப் பிடித்துக்கொண்டு போனார். ஊர் திரும்பியதும் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போடப்போவதாகச் சொன்னார். போட்டும்விட்டார் என்று பிறகு தெரிந்தது. சேலை எடுக்க வருகிறவர்கள் அவள் பேச்சைக் கேட்கவே இரண்டாம் தடவை வந்தார்களாம்.

கப்பல் ஏறும் நாளன்று எல்லோரும் சாத்தம் ஜெட்டிக்குப் போயிருந்தோம். கயிற்றை அவிழ்த்து, கப்பலுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் பச்சைத் தண்ணீர் தெரியத் தொடங்கியதும் அம்மா அழ ஆரம்பித்தாள். அப்பாவுக்கு அழுகை பிடிக்காது. இரண்டு கையையும் வாயில் குவித்து, "ம! ட!" என்று கத்தினார்.

மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அத்தை துள்ளினாள். "மாடு!"

"மடி!" என்றார் அப்பா.

"மேடை!"

"மூடி!"

அவள் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு முதியவர், எங்களுக்கு முன்பின் தெரியாதவர், "முடி!" என்று கப்பலிலிருந்து கத்தினார். ஜெட்டியில் வழியனுப்ப வந்திருந்த ஒரு பெண், "மாடி!" என்றாள். ஒரு நிமிடத்தில் கம்பிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தமிழ் தெரிந்தவர்கள் எல்லாம் கத்திக்கொண்டிருந்தார்கள். மேடு, மடை, மூடு என்று காற்றில் பறந்தன. அழ வந்தவர்கள்கூட மூக்கை உறிஞ்சிவிட்டு ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். சட்டம் தெரியாத ஒருவர் "மெட்ராஸ்!" என்று கத்தினார். கப்பல் திரும்பியது. குரல்கள் தேய்ந்தன. கடைசியில் அத்தையின் வாய் பெரிதாகத் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது.

அது என்ன சொல் என்று ஜங்லிகாட் வரும்வரை சண்டை. அம்மா மாடம் என்றாள். அதற்கு மூன்று கட்டை வேண்டும், செல்லாது என்றார் அப்பா. மூடை என்பது அவர் கட்சி. வாய் அவ்வளவு அகலமாகத் திறந்ததால் கட்டாயம் ஆ இருக்கிறது என்றேன் நான். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த அப்பா, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே உட்கார்ந்து தமிழில் ஒரு கடிதம் எழுதினார். முக்கால்வாசி எழுத்துக்குக் காலும் கொம்பும் இல்லை. வாயால் வைத்துக்கொள்ளுங்கள் என்று கீழே ஒரு குறிப்பு.

அடுத்த கப்பலில் அத்தையின் கையெழுத்தில் பதில் வந்தது. அம்மா உரக்கப் படித்தாள்.

"அண்ணாச்சிக்கு வணக்கம். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. முந்தின இரவு முழுக்க ஆட்டம் ஆடித் தூக்கம் இல்லை. கொட்டாவி விட்டேன்."

அப்பா சிரிப்பார் என்று நாங்கள் காத்திருந்தோம். அவர் பலகையை இழுத்துக் கட்டைகளைத் தேடிக்கொண்டிருந்தார். க வைத்தார். ட வைத்தார். இன்னொரு ட. பிறகு வ.

"கொட்டாவி," என்றார். "அத்தைக்கு ஒரு சோழி. வேற?"

"கட்டவா," என்றாள் அம்மா.

"காட்டவா," என்றேன் நான்.

தம்பி விரல்களை மடக்கி முட்டியை உயர்த்திக்கொண்டு என் தலைக்கு நேரே வந்தான். "கொட்டவா?"